தங்கவயலைச் சூழ்ந்த வெளி

தங்கவயல் என்று சொன்ன அளவில் கேட்போர் உள்ளத்தில் எழுவது சுரங்கம் ஒன்றே. எத்துணை ஆழம் தோண்டினீர்கள், எத்துணைத் தங்கம் எடுத்தீர்கள் என்று வினவுவோரே மிகுதி. அவ்வினாக்களுக்கு விடை கூறுவதும் எளிது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் இம்மண்ணிலிருந்து வெளிவந்தது. இவற்றை நம் சிறுவர்களும் அறிவர். ஆயினும் அச்சுரங்கத்தைச் சுற்றி நாற்புறமும் விரிந்து கிடக்கும் வெளியைப் பற்றி வினவுவோர் அரியர். தலைமுறை தலைமுறையாக நம் இல்லங்களுக்குக் கேழ்வரகும் பாலும் நீரும் அளித்து வந்தது அவ்வெளியே. இத்திங்கள் அதனைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

முதற்கண் நில அமைப்பைக் காண்போம். சோலையார்பேட்டையில் வண்டி ஏறி மேற்கு நோக்கி வருவோர், குப்பத்தைக் கடக்கும்போது காற்று மாறுவதை உணர்வர். வண்டி மெல்ல மெல்ல மேடேறிப் பங்காரப்பேட்டையை அடையும்பொழுது, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் நிற்கின்றோம். ஆனால் மலைமேல் நிற்கிறோம் என்ற எண்ணம் சிறிதும் தோன்றாது. எங்கு நோக்கினும் சமநிலமே. கன்னட நாட்டார் தம் நாட்டை மலைநாடு என்றும் பயலுசீமை என்றும் இரண்டாகப் பகுத்து வழங்குவர். பயலுசீமை என்பது திறந்த வெளிநாடு. கோலார் மாவட்டம் முழுவதும் அவ்வெளிநாட்டின் கீழ்க்கோடியில் அமைந்தது.

இவ்வெளியின் நிறம் சிவப்பு. இடையிடையே யானைக் கூட்டம் படுத்திருப்பது போன்ற கருங்கற் பாறைகள். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் அகலமும் உடைய ஒரு கரும்பாறைப் பட்டை மட்டும் மற்றவற்றினின்று வேறுபட்டது. தங்கம் ஓடியது அப்பட்டையில்தான். நம் குடியிருப்புகள் யாவும் அதன்மேல் நெருக்கமாக அமைந்தன. பங்காரப்பேட்டையிலிருந்து 1894-ஆம் ஆண்டில் இடப்பெற்ற கிளை இருப்புப்பாதையும் கோரமண்டல், உரிகம், சாம்பியன் எனச் சுரங்கப் பெயர்களைத் தொட்டுக்கொண்டே மாரிக்குப்பம் சென்று முடிகிறது. அப்பட்டையை விட்டு இருபுறமும் ஓரிரு மைல் நடந்தால் நெருக்கம் நீங்கிவிடும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே வெறும் காடுகழனிகளே. நண்பகல் வேளையில் ஆடு மேய்ப்பவர் ஒருவரைக் காண்பதே அரிது. புளிய மரமும் புங்க மரமும் நிற்கும் வண்டிப்பாதையில் நம் அடியோசை நமக்கே கேட்கும்.

எம் இளமையில் ஞாயிறுதோறும் எம் தந்தையார் எம்மை இவ்வெளியில் நடத்திச் செல்வார். கிழமைக்கு ஆறு நாள் பூமிக்கு அடியில் கழித்தவர் அவர். ஏழாம் நாள் தலைக்குமேல் ஒன்றும் இல்லாத இடத்தில் இருக்க வேண்டும் என்பார். வெளியின் அருமையை அதன் மக்களினும் நன்கு அறிந்தவன் சுரங்கத் தொழிலாளி என்பது எம் கருத்து.

இனி நீரைப் பற்றிக் கூறல் வேண்டும். இம்மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. ஆண்டு மழையளவு 700 முதல் 750 மில்லிமீட்டர். அதுவும் சொன்ன காலத்தில் சொன்னபடி வருவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளில் பொழிந்து களைத்த பின்னரே இங்கு வந்து சேர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றோ தமிழகக் கரையில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு எஞ்சியதைக் கொண்டு ஏறி வருகிறது. ஆகவே, விழும் துளியைத் தேக்கி வைப்பதே இந்நாட்டாரின் முதற்கலை ஆயிற்று. இன்றைய சிக்கபள்ளாப்பூர் மாவட்டமும் சேர்ந்திருந்த பழைய கோலார் மாவட்டத்தில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. ஓர் ஏரி நிறைந்து வழிந்தால் அடுத்த ஏரிக்கு, அது வழிந்தால் அதற்கடுத்த ஏரிக்கு என்று நீர் கைமாறிச் செல்லும். மேலூரார் கரையைக் கெடுத்தால் கீழூரார் பயிர் கெடும். அண்டை ஊருடன் ஒத்து வாழ வேண்டும் என்ற அறத்தை இவர்களுக்கு நீரே கற்பித்தது.

இவ்வேரிகளுள் நமக்கு மிக நெருங்கியது பேத்தமங்கலம் ஏரி. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு இவ்வேரியை நிறைத்து, இராமசாகரம் ஏரிக்குச் சென்று, பின்னர் ஆந்திர எல்லையில் நுழைகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வேரி நீரே தூய்மை செய்யப்பெற்றுக் குழாய்களின் வழியாகத் தங்கவயலுக்கு வந்தது. நம் தாய்மார் தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்று பிடித்தது பாலாற்று நீர் என்பதை நினைவிற் கொள்க.

பாலாற்றின் நீளம் ஏறத்தாழ 348 கிலோமீட்டர். அதில் 93 கன்னட நாட்டிலும், 33 ஆந்திர நாட்டிலும், 222 தமிழ் நாட்டிலும் அமைந்தவை. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய ஊர்கள் அதன் கரையில் உள்ளன. நம் முன்னோருள் பலர் புறப்பட்டு வந்த வட ஆர்க்காட்டு ஊர்கள் இவையும் இவற்றைச் சூழ்ந்தவையும் அல்லவா? எம் பாட்டனார் வாணியம்பாடியை அடுத்த சிற்றூரினர். சிறுவனாக ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் குடித்ததாகச் சொல்லுவார். பின்னர் இங்கு வந்து பேத்தமங்கலம் ஏரியைக் கண்டபொழுது, "நம் ஊர் ஆற்றுக்கு இதுதானா தாய்வீடு!" என்று வியந்தாராம். ஆற்றை எதிர்த்து நடந்து வந்தவர்கள் நாம். அயல்நாட்டிற்குக் குடிபெயர்ந்தோம் என்று சொல்வது வழக்கம். எனினும் நீரின் கணக்கில் பார்த்தால், ஒரே ஆற்றின் கீழ்க்கரையிலிருந்து மேற்கரைக்கு வந்தவர்களே நாம்.

நம்மவர் வந்த காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை எம் பாட்டனாரின் தந்தையார் கண்டவர். அப்பஞ்சம் மைசூர் நாட்டையும் விடவில்லை. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மைசூர் நாட்டு மக்கள் ஏறத்தாழ 50 இலக்கம் பேர். 1881-இல் அத்தொகை 42 இலக்கமாகக் குறைந்தது. கோலார் வெளி ஆள் குறைந்து, ஏரி வறண்டு கிடந்த அந்நாளில்தான், 1880-ஆம் ஆண்டில், ஜான் டெய்லர் குழுமத்தார் இங்குச் சுரங்கத் தொழிலைக் கையேற்றனர். அதற்கு முன்னர் 1802-இல் வாரன் என்னும் படைத்தலைவர் நில அளவைக்காக இங்கு வந்து, ஊர் மக்கள் குழி தோண்டித் தங்கம் அரிப்பதைக் கண்டு எழுதி வைத்தார். ஆகவே தங்கத்தைக் கண்டறிந்தவர் ஐரோப்பியர் என்பது பொருந்தாது. அவர்கள் கொணர்ந்தவை முதலும் பொறியும். உழைப்பைக் கொணர்ந்தவர்கள் நம்மவரும் தெலுங்கு மக்களும். 1902-ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 90 மைலுக்கும் மேற்பட்ட தொலைவு மின்சாரம் இங்கு வந்தது. அவ்விளக்குகள் எரிந்த இரவுகளிலும் சுற்றியிருந்த ஊர்களில் அகல் விளக்கே எரிந்தது. சுரங்கமும் வெளியும் அருகருகே இருந்தும் இரு வேறு காலங்களில் வாழ்ந்தன எனலாம்.

ஆயினும் இவ்விரண்டையும் இணைத்த பாலங்கள் இருந்தன. விடியற்காலையில் தலைச்சுமையாகத் தயிர் கொண்டு வரும் பெண்மணி எம் அன்னையாரை "அக்கா" என்றே அழைப்பார். அவர் பேசியது தெலுங்கு. எம் அன்னையார் பேசியது தமிழ். கணக்கு எழுதியது சுவரில் கரிக்கோடு. மூன்றிலும் பிழை நேர்ந்ததாக யாம் கேட்டதில்லை. மார்கழித் திங்களில் அவரைக்காய் வந்து குவியும். அதன் மணம் தெருவெங்கும் பரவும். ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கித் தோல் நீக்கி வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் கேழ்வரகுக் களியும் இவ்வெளி நமக்குக் கற்றுக் கொடுத்த விருந்து. இன்று சென்னையில் வாழும் நம் உறவினர் பனிக்காலம் வந்தால் அதனை நினைந்து ஏங்குவதை யாம் அறிவோம்.

கேழ்வரகைப் பற்றி ஒன்று கூறுதல் தகும். அது குறைந்த நீரில் விளைவது. பல்லாண்டுகள் பூச்சி அரிக்காமல் இருப்பது. பழைய மைசூர்ப் பகுதியில் நிலத்தில் ஆழ்ந்த குழி வெட்டி, அதில் கேழ்வரகைக் கொட்டி மூடி, பஞ்சம் வரும் ஆண்டில் திறந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. இம்மண்ணில் மனிதர் தோண்டிய குழிகள் இருவகைப்படும். ஒன்று எடுப்பதற்குத் தோண்டியது. மற்றொன்று வைப்பதற்குத் தோண்டியது. வெளிநாட்டாரின் இயல்பு இரண்டாவதில் விளங்கும். மிகுதியாகப் பேசார், விருந்தினரைக் கண்டால் முதலில் நீர் தருவர், நல்ல ஆண்டிலும் அடுத்த ஆண்டை எண்ணியே செலவிடுவர்.

மொழியால் இவ்வெளி ஒன்றுக்கு மேற்பட்டது. தெலுங்கும் கன்னடமும் ஓர் ஊரிலேயே, சில வேளை ஓர் இல்லத்திலேயே வழங்கும். தமிழும் இங்குப் புதியதன்று. குவலாளபுரம் என்று முற்காலத்தில் வழங்கிய கோலார் நகரம் சோழர் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அந்நாளில் இப்பகுதி நிகரிலிசோழமண்டலம் எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். நாம் வாழும் கோரமண்டல் என்னும் பெயரும் அவ்வழியே வந்தது. சோழமண்டலம் என்னும் நம் கீழைக் கடற்கரையின் பெயரை ஐரோப்பியர் தம் நாவிற்கேற்பத் திரித்தனர். திரிந்த பெயரைச் சுரங்கம் ஒன்று ஏற்றது. சுரங்கத்தின் பெயர் ஊரின் பெயராயிற்று. கடலிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால் கடற்கரையின் பெயர் தாங்கி ஓர் ஊர் நிற்கும் விந்தையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும். மாலூர் வட்டத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் இல்லத்தில் தமிழ் பேசியவர். கன்னடத்தில் எழுதி 1983-ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசு பெற்றவர். இவ்வெளியில் ஒரு மொழியைக் காக்க மற்றொன்றைப் பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பெற்றன. மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் தொழில் இழந்தனர். யாமும் அவருள் ஒருவர். அதன் பின்னர்ப் பங்காரப்பேட்டையில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதும் பணி கிடைத்தது. நெல்லும் தவிடும் கொண்டு செல்ல வரும் உழவர்களோடு பழகிய அப்பதினான்கு ஆண்டுகளே இவ்வெளியைப் பற்றிய எம் பள்ளி. இளைஞர்களோ இருள் பிரியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் வண்டியில் ஏறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்புகின்றனர். ஐம்பது மைலுக்கு மேல் போக்கு, ஐம்பது மைலுக்கு மேல் வரவு. சன்னலுக்கு வெளியே விரியும் வெளி அவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் இருளே. அவருள் பலர் இறுதியில் பெங்களூரிலேயே தங்கிவிடுகின்றனர். எம் மகனும் அங்ஙனம் தங்கியவனே. "அப்பா, தங்கம் போயிற்று, இனி அங்கே என்ன இருக்கிறது? வீட்டை விட்டு வந்துவிடுங்கள்" என்று ஒவ்வொரு விடுமுறைக்கும் கேட்கிறான். இக்கேள்வி நம்மவர் இல்லங்கள் பலவற்றில் எழுவது. ஆதலின் அதனை ஈண்டு வெளிப்படையாக எழுதுகின்றோம்.

அவன் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சுரங்கம் விட்டுச் சென்ற சயனைடு மண்மேடுகள் ஏறத்தாழ 3.3 கோடி டன் எடையுடன் நம் தலைமாட்டில் நிற்கின்றன. கோடைக் காற்றில் அவற்றின் தூள் வீட்டிலும் படிகிறது, கழனியிலும் படிகிறது. வெளியின் ஏரிகளோ பல தூர்ந்தன. நீர் வேட்கை மிக்க தைல மரங்களை மேட்டு நிலங்களில் நெடுக நட்டதால் நிலத்தடி நீர் மேலும் இறங்கிற்று என்பது உழவர் கூற்று. 2017-ஆம் ஆண்டில் அரசு அம்மரத்தைப் புதிதாக நடுவதைத் தடை செய்தது. ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டும் நீர் காணாத கிணறுகள் உண்டு. கிடைக்கும் நீரிலும் பல இடங்களில் புளோரைடு மிகுந்திருக்கிறது. பேத்தமங்கலம் பக்கத்து முதிய உழவர் ஒருவர் எம்மிடம் சொன்னார்: "உங்கள் தாத்தா தங்கத்துக்குப் பூமிக்குள் போனார். நாங்கள் மேலேயே இருந்தோம். இப்போது நாங்களும் கீழே கீழே போகிறோம், தண்ணீருக்காக." அவர் சிரித்துக்கொண்டே கூறினார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 2018-ஆம் ஆண்டு முதல் பெங்களூரின் கழிவுநீர் தூய்மை செய்யப்பெற்றுக் குழாய் வழியாகக் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு வருகிறது. அந்நீரின் தூய்மை போதுமா என்று ஐயுறுவோர் உளர். அவ்வையம் கேட்கத்தக்கதே. ஆனால் வறண்ட கிணறுகள் சிலவற்றில் நீர் ஊறியதைக் கண்டு உழவர் மகிழ்ந்ததும் உண்மை. கோலார்த் தக்காளிச் சந்தை நாட்டின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. பட்டும் பாலும் மாம்பழமும் இவ்வெளியிலிருந்து செல்கின்றன. 2021-ஆம் ஆண்டு நவம்பர்ப் பெருமழையில் பாலாற்றில் வெள்ளம் புரண்டது. நெடுநாள் மணலாகக் கிடந்த ஆறு வேலூர் வரை கரை நிரம்பி ஓடிற்று. எம் பாட்டனார் ஊரில் இன்றும் வாழும் உறவினர் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் ஊர்த் தண்ணீர் வந்து சேர்ந்தது" என்றனர். எம் மகன் வினாவிற்கு எம்மால் சொல்ல முடியாத விடையை அவ்வொரு தொடர் சொல்லிற்று. நம்மை இம்மண்ணின் மக்களாகக் கொண்டு பேசியவர்கள், நாம் விட்டுவந்த மண்ணின் மக்கள்.

ஆதலின் யாம் இங்கேயே இருப்பதெனத் துணிந்தோம். மகன் அங்கிருக்கட்டும், பிழைப்பு இருக்குமிடம் செல்வது நம் குலத்தொழில், நம் பாட்டனார் செய்ததும் அதுவே. அவனைக் குறை கூறோம். போவோர்க்கும் இருப்போர்க்கும் பொதுவாக ஒன்று வேண்டுகின்றோம். சுரங்கம் நம் வரலாறு. அதனைப் போற்றுவோம். ஆனால் மூடிய சுரங்கத்தை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டினால், முடிந்துபோன ஒன்றின் எச்சம் தாம் என்றே அவர்கள் எண்ணி வளர்வர். வெளி முடிந்துபோகவில்லை. அதில் ஏரி தூர் வாருவோர் உளர், விதைப்போர் உளர், நல்ல ஆசிரியரும் மருத்துவரும் வாராரா என்று காத்திருக்கும் ஊர்கள் உள. அவ்வூர் மொழிகளைப் பேசவும் எழுதவும் கற்ற நம் பிள்ளைகள் அவற்றிற்கு வேண்டியவராதல் உறுதி.

வரும் பொங்கல் விடுமுறையில் வெளியூரிலிருந்து வரும் மக்களையும் பெயரர்களையும் அழைத்துக்கொண்டு பேத்தமங்கலம் ஏரிக்கரைக்கு ஒரு நாள் செல்லுங்கள். கட்டுச்சோறு கொண்டு போங்கள். கரைமேல் நடந்து மதகைக் காட்டுங்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்று சொல்லுங்கள். அருகில் உழவர் யாரேனும் இருப்பின், இவ்வாண்டு கேழ்வரகு எப்படி என்று அவர் மொழியில் கேட்கச் செய்யுங்கள். மொழி தடுமாறினாலும் குற்றமில்லை. இவ்வெளியில் உள்ளோர் பொறுமையுடன் கேட்பர். தயங்காது விடை தருவர்.